ஒரே ஒரு கட்டை

அத மேல வைக்காதிய அண்ணாச்சி. எவனாவது ஒருத்தன் பஸ்ல ஏறி, பெட்டியத் தூக்கி அது மேல போடுவான். கழுத்து ஒடிஞ்சா கிட்டார் அவ்வளவுதான். மடியிலயே வச்சிக்கிடுங்க, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிடுதேன். யாருக்கு, மகளுக்கா? எட்டாப்பு படிக்காளா? சந்தோசம். பிள்ளைங்க கேக்கும்போதே வாங்கிக் குடுத்துரணும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் வாசிச்சவன்தான். சிரிக்காதிய. இந்தத் தொப்பையப் பாத்தா எவனும் நம்ப மாட்டான், எனக்கே தெரியும். ஆனா தூத்துக்குடில தொண்ணூத்திரெண்டு, தொண்ணூத்திமூணுல கிளாட்வின்னு கேட்டுப் பாருங்க. அப்ப ஸ்கூல்ல படிச்சவன் எவனா இருந்தாலும், "யாரு, அந்த ராக் பேண்டு கிளாட்வினா?"ன்னு கேப்பான். ஊர்லயே ஸ்கூல் பசங்க சேந்து பேண்டு வச்சது நாங்கதான். ஆரம்பிச்சது நான். அத யாரும் மறுக்க முடியாது.

எட்டாப்பு முழுப்பரீட்சை லீவுல ஆரம்பிச்சோம். எங்க சித்தப்பா கப்பல்ல போறவரு, அவரு கொண்டுவந்து போட்ட ஒரு கிட்டார் எங்க வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. அதத் தொடச்சி எடுத்தேன். பாக்கியசீலன்னு ஒருத்தன், சி.எஸ்.ஐ. கோயில்ல அவங்கப்பா ஆர்கன் வாசிக்கிறவரு, அவன்கிட்ட ஒரு கீபோர்டு இருந்துச்சு. சுடலைமுத்துன்னு ஒருத்தன், ஸ்கூல் பரேடுல டிரம் அடிக்கிறவன். பரேடு டிரம் ரெண்டு, ரொட்டி டின்னு நாலு, உடைஞ்ச சைக்கிள் மட்கார்டு ஒண்ணு, இதையெல்லாம் கட்டி வச்சி அவனாவே ஒரு டிரம் செட்டு பண்ணிக்கிட்டான். அந்த மட்கார்டு சத்தம் இருக்கே, அப்பப்பா! பக்கத்து வீட்டு நாயெல்லாம் ஊர விட்டே போயிருச்சு.

பேரு வச்சது நான். 'தி சால்ட் பேன்ஸ்'. உப்பளத்து ஊருல்லா, அதான். எங்க பி.டி. மாஸ்டருக்கு அது வாயில நுழையாது. "எங்கல அந்தச் சட்டி பானை கோஷ்டி?"ன்னுதான் கேப்பாரு.

பாடுறதுக்கு நேவிஸ். முழுப்பேரு தஸ்நேவிஸ். எங்க மாதாகோயில்ல ஒம்பது மணிப் பூசைக்கு அவன்தான் தனிப்பாட்டு. அவன் பாட ஆரம்பிச்சான்னா, வெளிய வேப்பமரத்தடில நின்னு கத பேசுற ஆம்பளையாளுவ கூட உள்ள வந்துருவாவ. அவனக் கூட்டிட்டு வந்து கைல மைக்கக் குடுத்தது யாரு? நான். இல்லன்னா அவன் கோயிலோட நின்னிருப்பான். இத ஒரு வார்த்தைக்குச் சொல்லுதேன், வேற ஒண்ணுமில்ல.

இங்கிலீஷ் பாட்டுதான் மொதல்ல. கேசட்டப் போட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதுல என்ன விழுதோ அத அப்படியே தமிழ்ல எழுதிக்கிடுவோம். ரஃப் நோட்டுல பக்கம் பக்கமா இருக்கும். அர்த்தம் ஒரு எழவும் தெரியாது. ஸ்கூல்ல மியூசிக் பாக்கிற சூசை பிரதர் ஒருநாள் அந்த நோட்ட வாங்கிப் படிச்சாரு பாருங்க, மனுசன் சிரிச்ச சிரிப்புல கண்ணாடியக் கழட்டித் தொடைக்க வேண்டியதாப் போச்சு. "இது எந்த நாட்டுப் பாஷைடே?"ன்னாரு. ஆனா நேவிஸ் பாடுனா அதக் கேட்டு எவனும் சிரிக்க மாட்டான். அவன் என்ன சொன்னாலும் அது பாட்டா இருந்துச்சு.

ஒம்பதாப்பு ஆண்டு விழாவுல வாசிச்சோம். அண்ணாச்சி, நான் கலியாணம் முடிச்சிருக்கேன், ரெண்டு பிள்ள பெத்திருக்கேன், சொந்தமா வீடு கட்டிருக்கேன். அன்னைக்கு இருந்த சந்தோசம் எதுலயும் வரல. ஒன்ஸ்மோர் கேட்டாங்க. மறுநாள் மார்க்கெட்ல மீன்காரம்மா எங்கம்மாட்ட, "ஒம் மவனா நேத்து அந்தப் பெட்டிய வச்சி டொங்கு டொங்குன்னு அடிச்சது?"ன்னு கேட்டுட்டு ஒரு மீனக் கூடப் போட்டிருக்கா. போதாதா?

அதுக்கப்புறம் சொந்தப் பாட்டு ஒண்ணு போட்டோம். எழுதுனது நான், மெட்டு நேவிஸ். "உப்புக் காத்தே, உப்புக் காத்தே, ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போ"ன்னு. ஊர விட்டு எங்க போறதுன்னு எங்களுக்கே தெரியாது. நாலு பேருல ஒருத்தனும் மதுரையத் தாண்டுனது கெடையாது. அந்த "போ" இருக்கு பாருங்க, அது மேல போயி நிக்கும். போஓஓன்னு ஒரு மூச்சுக்கு நிக்கணும். அவன் நிப்பான். கேக்கிறவனுக்கு மூச்சு முட்டும், அவனுக்கு முட்டாது.

பத்தாப்பு வந்துச்சு. ஆம்பளப் பிள்ளைங்களுக்கு அந்த வயசுல தொண்ட ஒடையும்லா. மகரக்கட்டு. எங்க மூணு பேருக்கும் ஒம்பதாப்புலயே வந்து போயிருச்சு, பாடாதவனுக்கு அது வந்தா என்ன, போனா என்ன? நேவிஸுக்குப் பத்தாப்புல வந்துச்சு. பேசும்போதே ரெண்டு கொரல் வரும். சனவரில எல்லா ஸ்கூலுக்கும் சேத்து பெரிய போட்டி. ஆறு ஸ்கூலு. பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூலும் உண்டு, மொத மூணு வரிசையும் அவங்கதான். நாங்க உப்புக் காத்த எடுத்துக்கிட்டோம். நான் அப்பவே நேவிஸ்ட்ட சொன்னேன், "மக்கா, தொண்ட சரியில்ல, ஒரு கட்டை எறக்கிப் பாடு"ன்னு. அஞ்சு கட்டைல பாடுறத நாலு கட்டைல பாடுனா போதும். தொண்டைக்கு எட்டலன்னா சுதிய எறக்கிக்கிடுறது உள்ளதுதான். அவன் கேக்கல. வீம்பு. மேல போனான், அந்த "போ"வுல வந்து நின்னான், கொரல் கீச்சுன்னு ஒடைஞ்சிருச்சு. கூட்டத்துல எவனோ ஒருத்தன் "கொக்கரக்கோ"ன்னான். அவ்வளவுதான், மொத்த ஹாலும் கொக்கரக்கோ. அதோட அவன் பாடுறத விட்டான். இன்னைக்கு வரைக்கும் பாடல.

தண்ணி இருக்கா அண்ணாச்சி? ஒரு மடக்கு போதும்.

இல்ல அண்ணாச்சி. இப்ப சொன்னேன் பாருங்க, நான் எறக்கச் சொன்னேன், அவன் கேக்கலன்னு. அது அப்படி இல்ல. வாய்ப் பழக்கம். முப்பது வருஷமா அப்படியே சொல்லிச் சொல்லி, யாரு கேட்டாலும் வாய் தானா அந்தப் பக்கம் போயிருது. உங்கட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும்? தூத்துக்குடி வந்தா நீங்க உங்க வீட்டுக்கு, நான் என் வீட்டுக்கு. உள்ளதச் சொல்லுதேன்.

எறக்கலாமான்னு கேட்டது அவன். மாட்டேன்னது நான்.

கிட்டார்ல ஜி, சி, டி, ஈ மைனர்னு நாலு கார்டு இருக்கு, கார்டுன்னா ரெண்டு மூணு கம்பிய ஒண்ணா அமுக்கி அடிக்கிற சத்தம். ஒரு மாசத்துல வந்துரும். எனக்கும் வந்துச்சு. எஃப்னு ஒண்ணு இருக்கு, அதுதான் எமன். ஆள்காட்டி விரல கட்டையா நீட்டி ஆறு கம்பியையும் ஒரே நேரத்துல அமுக்கணும். சித்தப்பா கொண்டுவந்த அந்தக் கிட்டார்ல கம்பி அவ்வளவு உசரத்துல நிக்கும். அமுக்குனா விரல்ல கோடு விழும், ரத்தம் கட்டும், சத்தம் மட்டும் வராது. டொக்கு டொக்குன்னு கதவத் தட்டுற மாதிரி கேக்கும். வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு எத்தன நாளு முயற்சி பண்ணேன்னு எனக்குத்தான் தெரியும். வரல. ஆனா வெளிய என்ன சொல்லி வச்சிருந்தேன்? எல்லா கார்டும் தெரியும்னு சொல்லி வச்சிருந்தேன். ஒம்பதாப்புப் பயலுவ நாலு பேரு என்ட்ட கிட்டார் படிக்க வந்துட்டிருந்தானுவ, என்ன "மாஸ்டர்"னு கூப்பிடுவானுவ.

அஞ்சு கட்டைல அந்தப் பாட்டு, என் நாலு கார்டுல நிக்கும். ஒரு கட்டை எறக்குனா எஃப் வரும். எஃப் இல்லாம ஒரு வரி நகராது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும். பேண்டு ரூம்ல நேவிஸ் வந்து நிக்கான். பாவம், ரெண்டு தடவ இருமிட்டுத்தான் பேசுதான்.

"மக்கா, மேல எட்ட மாட்டேங்கு. ஒரு கட்டை எறக்கிருவமா?"

"எறக்குனா பாட்டோட உசுரு போயிரும்லே."

"ஒரே ஒரு கட்டை மக்கா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

பாக்கியசீலன், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, இதுல ஒரு பட்டன் இருக்கு, அமுக்குனா எறங்கிரும்"ன்னான். சுடலை கையில இருந்த குச்சியத் தூக்கிக் காட்டி, "எந்தக் கட்டைலயும் பாடுங்கல, எனக்கு எப்பவும் இந்த ரெண்டு கட்டைதான்"னான். எல்லாரும் சிரிச்சோம். நேவிஸும் சிரிச்சான். சிரிச்சிட்டு என் மொகத்தையே பாத்தான். பாக்கி இருந்தது என் கையி ஒண்ணுதான்.

"எனக்கு எஃப் வராதுலே"ன்னு ஒரு வார்த்த. அதத்தான் சொல்லியிருக்கணும். மிஞ்சிப் போனா ரெண்டு நாளு கிண்டல் பண்ணிருப்பானுவ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பயமா இருந்தா சொல்லிரு நேவிஸு, வேற ஆளப் பாத்துக்கிடுதோம்"ன்னேன். அந்தக் கொரல வச்சிருந்தவன்ட்ட! பதினஞ்சு வயசு அண்ணாச்சி, அந்த வயசுல புத்தி எங்க இருக்கும், சொல்லுங்க. உங்களுக்கு இருந்துச்சா?

அவன் "சரி, நீ சொன்னா சரிதான்"னான்.

பெறவுதான் மேடை, கொக்கரக்கோ, நான் சொன்னது எல்லாம். கொரல் ஒடைஞ்சதும் அவன் திரும்பி என்னப் பாத்தான். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. குனிஞ்சி என் விரலப் பாத்துக்கிட்டே அடிச்சிட்டிருந்தேன். ஜி, ஈ மைனர், சி, டி. ஒரு தப்புகூட வரல, அவ்வளவு சுத்தமா என் ஆயுசுல நான் வாசிச்சதில்ல. அவன் ரெண்டாவது சரணத்தையும் பாடி முடிச்சிட்டுத்தான் எறங்குனான். சத்தம் வரல, வாய் மட்டும் அசைஞ்சுது.

இதோட நின்னிருந்தாக் கூட நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன். ஏதோ சின்னப் பிள்ள வீம்பு, முடிஞ்சுதுன்னு விட்டுருப்பேன். மேடைக்குப் பின்னால சூசை பிரதர் வந்தாரு. சீலனும் சுடலையும் டிரம்மத் தூக்கிட்டு வேனுக்குப் போயிட்டானுவ. நான், நேவிஸு, பிரதர், மூணே பேரு. அவரு கோவக்காரர் இல்ல, வருத்தமாத்தான் கேட்டாரு. "ஏம்ப்பா, பையனுக்கு மகரக்கட்டு. ஒரு கட்டை எறக்கி வச்சிருக்கலாம்லா? யாரும் யோசிக்கலையா?"

"நான் சொன்னேன் பிரதர். இவன்தான் கேக்கல."

அப்படியே வந்துச்சு அண்ணாச்சி. முந்தியே யோசிச்சி வச்சதெல்லாம் கெடையாது, மாதாமேல சத்தியம். வாயத் தொறந்தேன், அது வந்துச்சு. பிரதர் நேவிஸப் பாத்து, "அப்படியா?"ன்னாரு. நேவிஸ் வாயத் தொறந்தான். ஒரு காத்துதான் வந்துச்சு. பெறவு "ஆமா பிரதர்"னான்.

ஏன் ஆமான்னான்? அத நான் கேட்டதே இல்ல. அவ்வளவு பேரு சிரிச்சதுல அவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்னு ஆயிருச்சோ, என்னக் காட்டிக்குடுக்க மனசு வரலையோ. மறுநாள் அவன் தனியா வந்து என் சட்டையப் பிடிப்பான்னு பாத்தேன். வரல. அதுக்கு மறுநாளும் வரல. ஒரு வாரம் கழிச்சி எனக்கு அவன் மேலயே கோவம் வந்துச்சு பாத்துக்கோங்க. சண்டைக்கு வந்திருந்தான்னா தீந்திருக்கும்லா?

வந்தது சுடலைதான், பிரதர் சொல்லித் தெரிஞ்சிருக்கு. "ஏல, அவன் கெஞ்சுனான், நீதானல மாட்டேன்ன? பிரதர்ட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"ன்னு கேட்டான். "மட்கார்டத் தட்டுறவனுக்கு மியூசிக்கப் பத்தி என்னல தெரியும்?"னேன். அவனோட மட்கார்டக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான். அதோட பேண்டும் முடிஞ்சுது. சுடலை பெறவு மஸ்கட் போயிட்டான், சீலன் பெங்களூர்ல போதகரா இருக்கான்.

நேவிஸ அதுக்கப்புறம் ஸ்கூல்ல யாரும் பேரு சொல்லிக் கூப்பிடல. சேவல். சேவல் வாரான், சேவல் போறான். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் "உள்ளேன் ஐயா" சொல்லுறதுக்கு முன்னாலயே பின் பெஞ்சுல இருந்து கொக்கரக்கோ கேக்கும். நானும் சிரிச்சிருக்கேன். சிரிக்காம இருந்தா எவனாவது சந்தேகப்படுவானோன்னு இருந்துச்சு. கோயில்ல தனிப்பாட்ட விட்டான். பூசைல எல்லாரும் எந்திரிச்சி நின்னு பாடும்போது கூட வாயத் தொறக்காம நிப்பான். ரெண்டு வரிசை பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். மகரக்கட்டு ஆறு மாசம், ஒரு வருஷம், போயிரும்லா? அவனுக்கும் போயிருச்சு. பேசுனா கணீர்னு இருக்கும். பாடல.

நான் அவன விட்டுறல அண்ணாச்சி. அதையும் சொல்லணும். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குக் கேக்கு அனுப்பிருவேன். பாளையங்கோட்டைல கண்ணாடிக் கடைல லென்ஸ் தேய்க்கிற வேலை, அதச் சொல்லிச் சேத்துவிட்டதே எங்க மாமா மூலமா நான்தான். அவன் கலியாணத்துக்கு மொத ஆளா போயி நின்னேன். அங்க எவனோ ஒருத்தன், "மாப்பிள்ள ஒரு பாட்டுப் பாடு"ன்னு இழுத்தான். நேவிஸ் தலையக் குனிஞ்சிட்டான். நான்தான் எந்திரிச்சி, "அவன விடுங்கப்பா. நான் அன்னைக்கே சொன்னேன், எறக்கிப் பாடுன்னு, கேட்டானா?"ன்னு சொல்லி, சிரிச்சி, பேச்ச மாத்திவிட்டேன். அவனக் காப்பாத்துறதாத்தான் நெனச்சேன். எங்க பாத்தாலும் அப்படித்தான். "நான் அன்னைக்கே சொன்னேன்லா மக்கா?"ம்பேன். அவன் சிரிப்பான். ஏன் ஒவ்வொரு தடவையும் அத எடுத்தேன்னு இப்ப யோசிச்சா எனக்கே கூசுது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால மெட்ராஸ் போனப்ப புதுசா ஒரு கிட்டார் வாங்குனேன். பிள்ளைங்களெல்லாம் காலேஜ் போயிட்டாங்க, சும்மா இருக்கோமே, விட்டதப் பிடிப்போமேன்னு. கடைல இருந்த ஆளுட்ட இந்த எஃப் கதையச் சொன்னேன், எறக்கிப் பாடணும்னா அதுதான் பிரச்சினைன்னு. அவன் என்ன ஒரு மாதிரிப் பாத்தான். "சார், ஆறு கம்பியையும் ஒரே அளவு கொஞ்சம் தளத்தி விட்டாப் போதுமே. அதே விரல், அதே கார்டு. சத்தம் மட்டும் எறங்கிரும்"ன்னான். திருகி வேற காட்டுனான். அஞ்சு நிமிஷம் ஆகல.

அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி! எங்க நாலு பேருக்கும் அது தெரியல. சொல்லித்தர ஆளு இல்ல. எங்களப் பொறுத்தவரைக்கும் கம்பியோட சுதின்னா அது ஆண்டவன் கட்டளை மாதிரி, கீபோர்டோட சேந்து நின்னா அதத் தொடவே கூடாது. அத மாத்தலாம்னு எவனுக்கும் தோணல. எனக்கு எஃப் வராதுன்னு சூசை பிரதர்ட்ட போய்ச் சொல்லிருந்தா அவரு சொல்லிக் குடுத்திருப்பாரு. நான் போகல. போனா எஃப் வராதுன்னு தெரிஞ்சு போகும்லா.

அப்பவே அவன்ட்ட போயி உள்ளதச் சொல்லிரணும்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் தள்ளித் தள்ளிப் போட்டு, இன்னைக்குப் பாளையங்கோட்டைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். இப்ப அங்க இருந்துதான் வாரேன். எங்க செட்டு பழைய மாணவரெல்லாம் மே மாசம் ஒண்ணு கூடுதோம், அந்த அழைப்பக் குடுக்கணும்னு ஒரு சாக்கு. காலைலயே பஸ்ல வரும்போதே சொல்லிப் பாத்துக்கிட்டேன். "நேவிஸு, அன்னைக்கு நீ கேட்ட, நான்தான் மாட்டேன்னேன். எனக்கு எஃப் வராது." இவ்வளவுதான். மனப்பாடமே பண்ணிட்டேன்.

போனா, எலையப் போட்டுட்டாங்க. வஞ்சிரம் மீனு, ரசம், அப்பளம். அவன் வீட்டம்மா அப்படி ஒரு கவனிப்பு. "ஒங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாதுண்ணே"ங்குது. ஒரே மக, ஜெனோவான்னு பேரு, எட்டாப்பு. உங்க மக வயசுதான். வாய் அப்படியே அவன் வாய். அந்தப் பிள்ள ஏதோ பாட்ட முணுமுணுத்துக்கிட்டே தண்ணி கொண்டாந்து வச்சுது பாருங்க, எனக்குக் கையில இருந்த சோறு எலையிலயே விழுந்துச்சு. அதே கொரல் அண்ணாச்சி.

வெள்ளிக்கிழமை அதுக்குப் பாட்டுப் போட்டி. பெரிய மேடை. சாப்பிட்டு முடிச்சதும் அவங்கப்பாட்ட வந்து நிக்குது. "அப்பா, எனக்கு மேல எட்டலப்பா. வரும்போதே வலிக்கி. கீபோர்டு மாஸ்டர்ட்ட ஒரு கட்டை கொறைக்கச் சொல்லுங்கப்பா. நான் சொன்னா மாட்டேங்காரு."

நேவிஸ் என்ன சொன்னான் தெரியுமா? கோவமெல்லாம் இல்ல. பிள்ள தலையத் தடவிக்கிட்டே சொல்லுதான். "வாசிக்கிறவங்க சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்மா. நம்ம இஷ்டத்துக்குப் பாடக் கூடாது. இந்தா ஒக்காந்திருக்காரே கிளாட்வின் மாமா, அன்னைக்கு எங்கிட்ட படிச்சிப் படிச்சிச் சொன்னாரு, எறக்கிப் பாடுலேன்னு. அப்பா வீம்புக்கு மேல பாடுனேன். என்ன ஆச்சு? பாட்டே போச்சு. சொல்பேச்சு கேக்கணும்."

கிண்டல் பண்ணுதானோன்னு அவன் மொகத்தப் பாத்தேன். நல்லா உத்துப் பாத்தேன். இல்ல அண்ணாச்சி. அவன் அப்படியே நம்புதான். நான் முப்பது வருஷமா அவன் காதுல ஓதுனது அவனுக்கு ஞாபகமாவே ஆயிருச்சு. பேண்டு ரூம்ல நின்னு கெஞ்சுனது அவனுக்கு ஞாபகத்துல இல்ல. வீம்பு பிடிச்சது மட்டும்தான் இருக்கு. அவன் பிடிக்காத வீம்பு.

அவன் வீட்டம்மா வேற, "இன்னைக்கும் சொல்லுவாவ, நான் மட்டும் கிளாட்வின் பேச்சக் கேட்டிருந்தேன்னான்னு"ங்குது. அந்தப் பிள்ள என்னப் பாத்துக் கேக்குது. "மாமா, அப்பாவ எத்தனாவது கட்டைல பாடச் சொன்னிய?"

நாலுன்னு சொன்னேன்.

ஆமா. நாலு கட்டைன்னு சொல்லிட்டு, வெத்தலைய வாங்கிக்கிட்டு, அழைப்பக் குடுத்துட்டு, பஸ் ஏறிட்டேன். என்ன அப்படிப் பாக்காதிய அண்ணாச்சி. அந்த நேரத்துல, அந்த ரெண்டு பொம்பளையாளு முன்னால, என்னன்னு சொல்லுறது? நீங்களா இருந்தா சொல்லிருப்பியளா? சொல்லிருப்பிய போல. மொகத்தப் பாத்தாத் தெரியுது.

அந்தப் பிள்ள வெள்ளிக்கிழமை மேடை ஏறும். எட்டலன்னு சொல்லுது. வலிக்கிங்குது.

இருங்க. இப்பவே அவனுக்குப் போனப் போடுதேன். நீங்க பக்கத்துல இருக்கும்போதே போட்டாத்தான் உண்டு, வீட்டுக்குப் போயிட்டா போட மாட்டேன், என்ன எனக்குத் தெரியும். கண்டக்டர், அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறைங்கய்யா, போன் பேசணும். ரிங்கு போகுது.

ஏல, நேவிஸு. நான்தான். இல்ல, இன்னும் போய்ச் சேரல, வாகைகுளம் தாண்டிருக்கு. ஆமா, சாப்பாடு நல்லா இருந்துச்சு, சொல்லிரு. நேவிஸு, நான் ஒண்ணு சொல்லுதேன், குறுக்க பேசாமக் கேளு. அன்னைக்கு எறக்கச் சொன்னது நான் இல்லலே. நீதான் கேட்ட. பேண்டு ரூம்ல. நான்தான் மாட்டேன்னேன். எனக்கு எஃப் கார்டு வராதுலே, அதான். பிரதர்ட்ட சொன்னதும் பொய்யி. நீ வீம்பு பிடிக்கல. கேக்குதா? நீ வீம்பு பிடிக்கவே இல்லலே. பிள்ள எட்டலன்னா எட்டலதான், அந்த மாஸ்டர்ட்ட நீ போயிச் சொல்லு. ஏன்ல சிரிக்க? சிரிக்காதல. சத்தியமாச் சொல்லுதேன். இல்லல. நேவிஸு, இல்லல, நான் சொல்லுறதக் கேளு. நேவிஸு.

வச்சிட்டான்.

நம்ப மாட்டேங்கான் அண்ணாச்சி. சிரிக்கான். "பிள்ள முன்னால நான் என்னையே கொறச்சிப் பேசிட்டேன்னு நீ வருத்தப்பட்டுட்டு, பஸ்ல போகும்போது எனக்காக ஒரு கத கட்டிச் சொல்லுதியாலே?"ங்கான். நான் எல்லா கார்டும் வாசிப்பேன்னு அவனுக்குத் தெரியாதான்னு கேக்கான். எஃப் வராதாம்லா எஃப், அத எவன்ட்டயாவது போயிச் சொல்லுங்கான். பிள்ளைய அந்த மாஸ்டர் சொன்ன கட்டைலயே நல்லாப் பழகச் சொல்லிருக்கானாம், நீ கவலப்படாத மக்கான்னு எனக்கு ஆறுதல் சொல்லுதான். கடைசில என்ன சொன்னான் தெரியுமா?

"நீ எப்பவும் இப்படித்தான், ரொம்ப நல்லவன்லே நீ"ங்கான்.